உங்களுக்குத் தெரியுமா? ஊருக்குள்ளே ஒரு பாத்தி

காய்கறி கிராமத்தில் விளையும், நகரத்தில் விற்கும் என்று நினைத்தே நாம் வளர்ந்திருக்கிறோம். 2011 கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். இத்தனை பேருக்கும் கீரையும் தக்காளியும் லாரி ஏறி வந்தால்தான் உண்டு. ஆனால் எல்லாக் காலத்திலும், எல்லா ஊரிலும் இப்படி இருந்ததில்லை. கூரைமேல், ஏரிக்குள், குப்பைமேட்டில், கண்ணாடிக்கு அடியில் என்று நகரங்கள் தமக்குத் தாமே விளைவித்துக்கொண்ட செய்திகளைத் திரட்டினேன். திரட்டத் திரட்ட ஒன்று தெளிவானது. ஊர் வேண்டாமென்று தள்ளியதை எடுத்துப் பயிருக்குக் கொடுத்த தோட்டங்களே பெரும்பாலும் நிலைத்து நின்றிருக்கின்றன.

சக்கரம் வைத்த பாத்தி

ரோமப் பேரரசர் திபேரியஸுக்கு வெள்ளரி வகைக் காய் ஒன்று தினமும் தட்டில் இருக்க வேண்டும். ஆண்டு முழுக்க அது எப்படிக் கிடைத்தது என்பதை ரோம எழுத்தாளர் மூத்த பிளினி எழுதிவைத்திருக்கிறார். பாத்திகளைச் சக்கரத்தின் மேலேயே அமைத்தார்கள். வெயில் வந்தால் வெளியே தள்ளி வருவார்கள். குளிர் நாளில், ஒளி ஊடுருவும் கல்தகடு பதித்த சட்டங்களுக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கண்ணாடி வீடு கட்டும் கலை பிறக்கப் பல நூற்றாண்டுகள் இருந்தன. ஆனால் பசுமைக்குடிலின் கரு அந்த வண்டியிலேயே இருந்தது.

◆ கொரியாவில் 1450-களில் அரண்மனை மருத்துவர் ஒருவர் எழுதிய சமையல், வேளாண்மை நூலில், அடுப்புப் புகையைத் தரைக்கு அடியில் ஓடவிட்டுச் சூடேற்றும் பசுமைக்குடிலின் செய்முறை உள்ளது. கண்ணாடிக்குப் பதில் எண்ணெய் பூசிய காகிதம். கொப்பரையில் வெந்நீர் கொதிக்கவிட்டு, அந்த ஆவியை உள்ளே செலுத்தி ஈரப்பதமும் காத்தார்கள்.

◆ கண்ணாடிக் குடில் ஏன் சூடாகிறது? உள்ளே வந்த வெப்பக் கதிர் வெளியே போக முடியாமல் சிக்கிக்கொள்கிறது என்றுதான் பள்ளியில் படித்தோம். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் உட் 1909-இல் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றை மூடியது கண்ணாடி. மற்றொன்றை மூடியது வெப்பக் கதிரைத் தடுக்காமல் வெளியே விடும் பாறையுப்புத் தகடு. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுக்குச் சூடேறின. சூடான காற்று எழுந்து வெளியேற முடியாமல் அடைபடுவதுதான் முதன்மைக் காரணம் என்பது இதனால் விளங்கியது. குடிலின் உச்சியில் ஒரு திறப்பு வைத்தால் உள்ளே சட்டென்று குளிர்வதும் இதனால்தான்.

பாரிஸின் குதிரைச் சாணம்

நான் திரட்டியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரப் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு காய்கறித் தோட்டம். சுமார் 1,400 ஹெக்டேர். அதிலிருந்து ஆண்டுக்கு 1,00,000 டன் அளவுக்குக் காய்கறி வந்தது. இந்த விளைச்சலின் ரகசியம் நகரத்து வண்டிக் குதிரைகளிடம் இருந்தது. அன்றைய பாரிஸில் சரக்கு இழுத்ததும், ஆளை ஏற்றிச் சென்றதும் குதிரைதான். தினமும் தெருவில் குவிந்த சாணத்தைத் தோட்டக்காரர்கள் வண்டி வண்டியாக வாங்கினார்கள்.

புதுச் சாணத்தை வைக்கோலோடு கலந்து அடி உயரம், இரண்டடி உயரம் பரப்பினால் அது மக்கும்போது சூடு கிளம்பும். அதன் மேல் கொஞ்சம் மக்கிய மண், அதற்குமேல் விதை, விதைக்கு மேல் கண்ணாடிச் சட்டம் அல்லது மணி வடிவக் கண்ணாடிக் கவிப்பு. வெளியே பனி பெய்துகொண்டிருக்க, உள்ளே கீரையும் முள்ளங்கியும் கேரட்டும் முளைக்கும். விறகும் இல்லை, கரியும் இல்லை. சாணமே அடுப்பு, சூடு தணிந்த பிறகு அதுவே எரு.

ஒரே பாத்தியில் முள்ளங்கி, கேரட், கீரை மூன்றையும் சேர்த்து விதைப்பார்கள். முள்ளங்கி முதலில் கிளம்பிப் போகும், அடுத்து கீரை, கடைசியில் கேரட். ஒரு துண்டு நிலம் ஆண்டில் ஐந்தாறு தடவை விளைந்தது. மிஞ்சியதை லண்டனுக்கும் அனுப்பினார்கள்.

பல ஆண்டுகள் எருவிட்டு உருவான அந்தக் கறுப்பு மண் அவர்களுக்குச் சொத்து. குத்தகை முடிந்து கிளம்பும்போது, குறிப்பிட்ட ஆழம்வரை மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது வழக்கம் என்று ரஷ்யச் சிந்தனையாளர் கிரபோத்கின் பதிவு செய்திருக்கிறார். வீடு மாறும்போது பாத்திரம் பண்டத்தோடு மண்ணையும் ஏற்றிச்சென்ற தோட்டக்காரர்கள் அவர்கள்.

மோட்டார் வண்டி வந்தது, குதிரை போனது, சாணம் நின்றது. நில விலையும் ஏறியது. ஒரு தலைமுறைக்குள் அந்தத் தோட்டங்கள் கட்டடங்களாயின.

◆ பிரெஞ்சில் காய்கறித் தோட்டக்காரருக்கு 'மரேஷே' என்று பெயர். 'மரே' என்றால் சதுப்பு நிலம். நகரத்தை ஒட்டிய சதுப்பைத் திருத்திப் பயிரிட்டவர்கள் என்பதால் வந்த பெயர். பாரிஸின் 'மரே' என்ற பகுதி இன்றும் அந்தப் பெயரைச் சுமக்கிறது.

நீருக்குள் தலைநகரம்

1519-இல் ஸ்பானியர்கள் வந்து நின்றபோது, அஸ்தெக் தலைநகரம் தெனோச்தித்லான் ஏரி நடுவே இருந்தது. நகரத்துக்குச் சோறு போட்டவற்றில் முக்கியமானவை 'சினாம்பா' என்னும் பாத்தித் தீவுகள். ஆழமில்லாத ஏரியில் சேற்றையும் நீர்த்தாவரங்களையும் அடுக்கடுக்காகக் கொட்டி நீண்ட பாத்திகளை எழுப்பினார்கள். கரை சரியாமலிருக்க ஓரங்களில் வில்லோ மரம் நட்டார்கள். இரு பாத்திகளுக்கு நடுவே கால்வாய். அதில் படகு போகும். அடியில் படியும் சேற்றை அள்ளிப் பாத்தியில் போட்டால் அதுவே உரம்.

நாற்று விடும் முறையைக் கேளுங்கள். ஈரச் சேற்றைப் பலகைபோலப் பரப்பி, கொஞ்சம் இறுகியதும் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு விதை ஊன்றுவார்கள். முளைத்ததும் கட்டியோடு பெயர்த்து நடுவார்கள், வேர் அறுபடாது. இன்று நம் நாற்றங்கால்களில் இருக்கும் குழித்தட்டு செய்வதும் இதே வேலைதான். மெக்சிகோ நகரின் தெற்கே சோச்சிமில்கோவில் இந்தப் பாத்திகள் இன்னும் உள்ளன. 1987-இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

◆ இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் கோபுரக் கோட்டையின் அகழியிலும் காய்கறி போட்டார்கள். அமெரிக்காவில் அப்போது சுமார் 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்தன. நாட்டுக்கு வேண்டிய காய்கறியில் ஏறத்தாழ 40 விழுக்காடு அவற்றிலிருந்து வந்ததாக மதிப்பீடு. போர் முடிந்ததும் பெரும்பாலானவை புல்தரையாயின.

ஹவானாவின் சரளைத் தொட்டி

1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்தது. அங்கிருந்து வந்த எண்ணெய், உரம், பூச்சிமருந்து, தானியம் எல்லாவற்றையும் கியூபா ஒரே மூச்சில் இழந்தது. டிராக்டருக்கு டீசல் இல்லை. கிராமத்தில் விளைந்ததை நகரத்துக்குக் கொண்டுவர லாரிக்கும் எரிபொருள் இல்லை. ஹவானா மக்கள் காலி மனைகளில், குப்பை கொட்டிய இடங்களில், கட்டடம் இடிந்த இடங்களில் பயிரிடத் தொடங்கினார்கள்.

அங்கே அதற்கு முன்பே மண்ணில்லாப் பண்ணைகள் சில இருந்தன. சரளைக்கல் நிரப்பிய நீண்ட தொட்டிகள், அவற்றில் இரசாயன ஊட்டக் கரைசல். இறக்குமதி நின்றதும் கரைசல் தீர்ந்துபோனது. தொட்டிகளைக் கைவிட்டுவிடவில்லை. மண்ணும் மக்கும் கலந்து நிரப்பி அதிலேயே விதைத்தார்கள். ஹைட்ரோபோனிக்ஸைக் குறிக்கும் சொல்லோடு இயற்கை எருவைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டி, அதற்கு 'ஓர்கானோபோனிகோ' என்று பெயர் வைத்தார்கள். தட்டுப்பாட்டிலிருந்து பிறந்த அந்தப் பெயர் இன்று உலகெங்கும் தெரிந்தது. மண்புழு உரம் பெருகியது. பூச்சிவிரட்டியாக நம் வேப்பமரமும் அங்கே வேலை செய்தது. ஹவானாவின் கிழக்கே அலமார் குடியிருப்பில் 1997-இல் தொடங்கிய கூட்டுறவுப் பண்ணை சுமார் 10 ஹெக்டேருக்கு வளர்ந்து, சுற்றிலும் இருக்கும் அடுக்குமாடிக் குடும்பங்களுக்குக் கீரையும் காயும் வேலியோரக் கடையிலேயே விற்றது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரிசிக்கும் பருப்புக்கும் கியூபா அன்றும் இன்றும் வெளிநாட்டைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. நகரத்துப் பாத்தி கீரை தரும், காய் தரும். களஞ்சியத்தை நிரப்பாது.

◆ 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற சொல் 1937-இல் புழக்கத்துக்கு வந்தது. கலிபோர்னியப் பேராசிரியர் வில்லியம் கெரிக், மண்ணே இல்லாமல் தக்காளிக் கொடிகளை ஆளுயரத்துக்கு மேல் பல மடங்கு வளர்த்துக் காட்டியவர். அதை ஏழை வீட்டுக்கும் ஏற்றபடி எளிமையாக்கிய முறை ஒன்று நம் நாட்டில் உருவானது. 1946 வாக்கில் காலிம்பொங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் சாதாரணத் தொட்டி, மணல், சரளை, உலர்ந்த உப்புகள் இவற்றை மட்டும் வைத்து வகுத்த அதற்கு 'வங்காள முறை' என்றே பெயர்.

கூரைமேல் கண்ணாடி

கனடாவின் மொன்றியாலில் குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி சாதாரணம். அந்த ஊரில் 2011-இல் 'லூஃபா ஃபார்ம்ஸ்' என்ற நிறுவனம், ஒரு கட்டடக் கூரைமேல் சுமார் 31,000 சதுர அடியில் பசுமைக்குடில் எழுப்பியது. வணிக நோக்கில் கூரைமேல் கட்டிய முதல் குடில் என்று அதைச் சொல்கிறார்கள். 2020-இல் அதே நகரில் சுமார் 1,60,000 சதுர அடியில் இன்னொன்று. அப்போதைக்கு உலகிலேயே பெரிய கூரைக்குடில் அதுதான்.

தரையில் கட்டாமல் ஏன் கூரையில் கட்ட வேண்டும்? நிலம் வாங்க வேண்டாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிது வெப்பம். சூடேற்றிய கட்டடத்தின் கூரை வழியே ஓயாமல் வெப்பம் கசியும். வெட்ட வெளியில் வீணாகும் அதைக் குடில் வாங்கிக்கொள்கிறது. குடில் போர்வையாக மேலே கிடப்பதால் கட்டடத்துக்கும் எரிபொருள் மிச்சம். மழையும் பனியும் கூரையிலேயே விழுகின்றன. அந்த நீரையும் சேமித்துப் பாய்ச்சுகிறார்கள்.

◆ பார்சிலோனாவுக்கு அருகே தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் கட்டடம் ஒன்றில், ஆட்கள் மூச்சுவிட்டுக் கரியமில வாயு மிகுந்த சூடான காற்றைக் கூரைக் குடிலுக்கு அனுப்புகிறார்கள். ஆய்வாளர் விட்ட மூச்சில் தக்காளி விளைகிறது.

◆ பெல்ஜியத்தின் ரூசெலாரே நகரில், காய்கறி ஏலச் சந்தையின் கூரைமேலேயே 'அக்ரோடோப்பியா' என்ற ஆராய்ச்சிக் குடில் நிற்கிறது. அதைச் சூடாக்குவது ஊர்க் குப்பை எரிக்கும் ஆலையிலிருந்து குழாயில் வரும் வெப்பம்.

◆ நெதர்லாந்தின் ஹேக், ராட்டர்டாம் நகரங்களுக்கு நடுவே உள்ள வெஸ்ட்லாண்ட் வட்டாரம் முழுக்கக் கண்ணாடிக் குடில்கள். செடிக்குக் கரியமில வாயு கூடுதலாகக் கொடுத்தால் விளைச்சல் கூடும். அதற்காகவே, சூடு தேவைப்படாத கோடையிலும் எரிவாயுவை எரித்துவந்தார்கள். 2005 முதல் ராட்டர்டாம் துறைமுக ஆலைகள் வெளிவிட்ட கரியமில வாயுவைப் பழைய எண்ணெய்க் குழாய் ஒன்றின் வழியாகக் குடில்களுக்குக் கொண்டுவருகிறார்கள். புகைபோக்கியில் போகவேண்டியது தக்காளி இலைக்குப் போகிறது.

தக்காளிக்கு ரீங்காரம் வேண்டும்

தக்காளிப் பூவின் மகரந்தம் ஒரு சிறு குழாய்க்குள் அடைபட்டிருக்கும். உலுக்கினால்தான் உதிரும். வெட்டவெளியில் காற்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், குடிலுக்குள் காற்று ஏது? ஐரோப்பாவில் ஆட்கள் அதிரும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பூ பூவாகத் தொட்டுக்கொண்டே போனார்கள். பெல்ஜியத்தில் கால்நடை மருத்துவர் ரோலண்ட் டி யோங்கே, 1980-களின் நடுவில் பம்பிள்பீ என்ற பருத்த தேனீயைக் குடிலுக்குள் விட்டுப் பார்த்தார். அது பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்தது, மகரந்தம் கொட்டியது. 1987-இல் இந்தத் தேனீக் கூடுகளை வளர்த்து விற்கவே ஒரு நிறுவனம் தொடங்கினார். உள்ளே தேனீ வேலை செய்வதால் கண்டபடி பூச்சிமருந்து அடிக்க முடியாமல் போனது. தின்பவர்களுக்கு அது பெரிய நன்மை.

மாடியில் தக்காளி வைத்திருப்பவர்கள் காலை பத்து மணி சுமாருக்குப் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். அதுவே போதும். பாகல், சுரை, பூசணிக்கு ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட வேண்டும். அடியில் குட்டிக் காயோடு இருப்பது பெண் பூ. சுரையும் புடலையும் அந்தி சாய்ந்த பிறகு மலரும், எனவே அவற்றுக்கு ராத்திரியில் போக வேண்டும்.

மின்சாரத்தில் விளைந்த கீரை

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1999-இல் டிக்சன் டெஸ்பொமியே என்ற பேராசிரியரும் அவர் மாணவர்களும், நகரத்தின் உணவை அடுக்குமாடிக் கட்டடத்துக்குள்ளேயே விளைவிக்க முடியுமா என்று கணக்குப் போட்டார்கள். அதிலிருந்து 'செங்குத்துப் பண்ணை' என்ற கனவு பரவியது. வெயிலுக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு, மண்ணுக்குப் பதில் ஊட்டக் கரைசல், தட்டுமேல் தட்டு. தண்ணீர் மிகமிகக் குறைவு, பூச்சி இல்லை, பருவம் இல்லை. எல்லாம் உண்மை.

மின்கட்டணமும் உண்மை. வெயில் இலவசமாகத் தருவதை விளக்கு காசுக்குத் தருகிறது. முதலீடு கோடி கோடியாகக் கொட்டிய அமெரிக்க நிறுவனங்களில் ஏரோஃபார்ம்ஸ் 2023-இல் திவால் பாதுகாப்புக் கோரியது. பவரி 2024-இல் மூடப்பட்டது. பிளென்டி 2025-இல் திவால் மனு போட்டது. ஹேக் நகரில் பழைய பிலிப்ஸ் ஆலைக் கட்டடத்தின் மேல் 2016-இல் ஆரவாரமாகத் திறந்த கூரைப்பண்ணை இரண்டே ஆண்டில் நொடித்தது. அது விளக்குப் பண்ணை அல்ல, வெயிலில் நின்ற குடில்தான். ஆனால் பக்கத்திலேயே வெஸ்ட்லாண்ட் விவசாயிகள் மலிவாக விளைவிக்கும் தக்காளியோடு அது போட்டிபோட வேண்டியிருந்தது. கூரைமேல் கட்டினால் மட்டும் பிழைப்பு ஓடிவிடாது என்பதற்கு அது சான்று.

விளக்கடியில் விளைவது ஏன் பெரும்பாலும் சாலட் கீரையாகவே இருக்கிறது? கீரையில் வேர் போக எல்லாம் விற்கும். நெல்லோ கோதுமையோ என்றால் தண்டுக்கும் வைக்கோலுக்கும் சேர்த்து மின்சாரம் செலவாகும். சோற்றுக்கு வயல்தான் வழி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

◆ அந்தப் பண்ணைகளில் ஊதா வெளிச்சம் எதற்கு? சிவப்பையும் நீலத்தையும் இலை நன்றாக உறிஞ்சும். பச்சையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும், இலை நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவது அதனால்தான். நீல எல்.இ.டி. கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

சிங்கப்பூரின் இலக்கு

உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. விவசாயத்துக்கு ஒதுக்கிய நிலம் நூற்றில் ஒன்றுகூட இல்லை. இந்த நிலையில்தான் 2019-இல் சிங்கப்பூர் அரசு, 2030-க்குள் சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டிலேயே விளைவிப்போம் என்று அறிவித்தது. வீட்டுவசதி வாரியத்தின் அடுக்குமாடிக் கார் நிறுத்தங்களின் உச்சித்தளங்களைப் பண்ணைக்கு வாடகைக்கு விட்டது. அதற்கு முன்பே, 2012-இல், 9 மீட்டர் உயரக் கோபுரத்தில் கீரைத் தட்டுகள் மெல்லச் சுற்றிச்சுற்றி வெயில் காணும் பண்ணை ஒன்று அங்கே வந்திருந்தது. தண்ணீரின் விசையில் சுற்றும் அதற்கு ஒரு பல்பு எரியும் அளவு மின்சாரம் போதும்.

செலவு கட்டுப்படியாகாமல் பண்ணைகள் சில மூடின. 2025 நவம்பரில் அரசு பழைய இலக்கைக் கைவிட்டு, 2035-க்குள் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, புரத உணவில் 30 விழுக்காடு என்று மாற்றி வகுத்தது. எட்டாத இலக்கை எட்டவில்லை என்று ஒப்புக்கொண்டு திருத்தியதை நான் மதிக்கிறேன்.

◆ பாங்காக்கை ஒட்டிய தம்மசாட் பல்கலைக்கழகக் கட்டடத்தின் கூரை 2019 முதல் படிப்படியாய் இறங்கும் வயல். நிலவடிவமைப்பாளர் கோச்சகோர்ன் வோரகோம், மலைச்சரிவு நெல்வயலைப் பார்த்து வடிவமைத்தது. சுமார் 22,000 சதுர மீட்டர். பெய்யும் மழை படிதோறும் தங்கித் தங்கி இறங்கிக் கீழே குளத்தில் சேரும். வெள்ளம் தணிகிறது, கூரைமேல் நெல்லும் விளைகிறது.

◆ அர்ஜென்டினாவின் ரோசாரியோ நகராட்சி, 2001 பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வேலையிழந்தவர்களுக்கு ரயில்பாதை ஓரங்களையும் கைவிட்ட நிலங்களையும் பயிரிடக் கொடுத்தது. 2021-இல் இதற்காக அந்த நகரம் பன்னாட்டுப் பரிசு பெற்றது. விதை கொடுப்பது எளிது. நிலத்துக்கு உறுதி கொடுப்பதே அரிது, அந்த நகராட்சி அதைச் செய்தது.

◆ நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் தோட்டம் என்றால் ஒரு சாக்கு. நடுவில் கல் அடுக்கித் தூண்போல எழுப்பி, சுற்றிலும் மண் நிரப்பி, சாக்கின் பக்கவாட்டில் துளையிட்டுக் கீரை நாற்றைச் செருகுகிறார்கள். மேலே ஊற்றும் நீர் கல் வழியே அடிவரை இறங்கும். கால் வைக்கும் அளவு இடத்தில் பல டஜன் செடிகள்.

கொல்கத்தாவின் சாக்கடையும் மீனும்

கொல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு. நகரத்தின் கழிவுநீர் கால்வாய் வழியாக அங்கே போய், 'பேரி' எனப்படும் ஆழமில்லாத குளங்களில் நிற்கிறது. வெயிலில் பாசி பெருகுகிறது, பாசி ஆக்சிஜன் தருகிறது. கிருமி மடிந்து, கழிவு உடைந்து, கெட்ட நீர் சில வாரங்களில் மீன் வாழும் நீராகிறது. பாசியைத் தின்று மீன் கொழுக்கிறது. அந்தக் குளத்து நீர் அடுத்து நெல் வயலுக்குப் போகிறது. பக்கத்தில் தாபா என்ற பகுதியில், நகரக் குப்பை மக்கிய மண்ணில் காலிபிளவரும் கீரையும் விளைந்து மறுநாள் சந்தைக்கு வருகின்றன.

இதை எந்தப் பொறியாளரும் வரைபடம் போட்டுத் தரவில்லை. மீனவர்களும் உழவர்களும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த கைத்திறன். மேற்கு வங்க அரசில் பொறியாளராக இருந்த துருவஜோதி கோஷ், ஊர்க் கழிவுநீர் எங்கே போகிறது என்று தேடிப்போனபோதுதான் வெளியுலகம் இதை அறிந்தது. 2002-இல் இது பன்னாட்டுச் சதுப்புநிலப் பட்டியலான ராம்சர் பட்டியலில் ஏறியது. பெரும் பணம் விழுங்கும் சுத்திகரிப்பு ஆலை செய்யவேண்டிய வேலையை வெயிலும் பாசியும் மீனும் செய்கின்றன. தோல், உலோகத் தொழில்களின் கழிவு கலந்தால் ஈயமும் குரோமியமும் உணவில் ஏறும் ஆபத்து உண்டு. அந்தக் கழிவைத் தனியே பிரிக்காமல் இந்தச் சதுப்பைப் புகழ்வதில் பயனில்லை. நிலத்தரகர்களின் கண்ணும் ஓயாமல் இதன் மேலேயே இருக்கிறது. கோஷ் 2018-இல் இறக்கும்வரை அதை எதிர்த்தே எழுதினார்.

பொள்ளாச்சித் தூள்

ஐரோப்பியக் கண்ணாடிக் குடிலில் ஸ்ட்ராபெரியும் தக்காளியும் எதில் வேரூன்றி நிற்கின்றன தெரியுமா? பல இடங்களில் தேங்காய் நார்த்தூளில். உலகச் சந்தைக்கு அதை அனுப்புவதில் இந்தியாவும் இலங்கையும் முன்னணியில் உள்ளன. நம் பக்கம் பொள்ளாச்சி வட்டாரம்.

மட்டையிலிருந்து நார் பிரிக்கும்போது நாரைவிடத் தூளே அதிகம் விழும். ஒரு காலத்தில் அது தொல்லை. எளிதில் மக்காது, மலைமலையாகக் குவியும், மழையில் அதிலிருந்து வழியும் பழுப்பு நீர் கிணற்றைக் கெடுத்தது. அதே தூள், தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொண்டே வேருக்குக் காற்றும் விடும் என்று தெரிந்ததும் கப்பலேறியது. அழுத்திய 5 கிலோ கட்டி ஒன்றை நீரில் போட்டால் ஏறத்தாழ 70 லிட்டர் அளவுக்கு ஊதும்.

வாங்குபவர்கள் இரண்டு சங்கதி தெரிந்திருக்க வேண்டும். தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழியாமல் விதைத்தால் நாற்றின் நுனி கருகும். அடுத்தது, அதில் சத்து கிடையாது. தொழுவுரமோ மண்புழு உரமோ சேர்த்தே ஆக வேண்டும். மாடித் தோட்டம் தோற்றுப்போனது என்று பையைத் தூக்கி எறிந்தவர்களில் பலர் தோற்றது இந்த இரண்டில் ஒன்றால்தான்.

◆ தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை 2013-இல் சென்னையிலும் கோவையிலும் 'நீங்களே செய்து பாருங்கள்' என்று மானிய விலையில் கொடுத்த மாடித் தோட்டத் தொகுப்புகளிலும் இந்தத் தூள்தான் இருந்தது.

நமக்குக் கண்ணாடி வேண்டாம்

பாரிஸும் மொன்றியாலும் குளிரோடு போராடின. நமக்குப் போராட்டம் வெயிலோடு. சித்திரையில் மூடிய கண்ணாடிக்குள் செடி வெந்துபோகும். சென்னையிலும் மதுரையிலும் வீட்டு மாடிக்கு வேண்டியது நிழல்வலை. பாதி வெயிலை வடிகட்டும் 50 விழுக்காட்டுப் பச்சை வலையை மூங்கிலிலோ குழாயிலோ ஏழடி உயரத்தில் கட்டி, நான்கு பக்கமும் காற்றுக்குத் திறந்துவிட்டால் கீரைக்கும் நாற்றுக்கும் போதும். பாலித்தீன் பசுமைக்குடில் ஓசூருக்குப் பொருந்தியது. அங்கே உயரமும் மிதமான குளிரும் உண்டு, ரோஜாவும் குடைமிளகாயும் குடிலுக்குள் விளைகின்றன. அதைப் பார்த்து அப்படியே சமவெளி மாடியில் கட்டினால் காசும் போகும், செடியும் போகும்.

மாடி எவ்வளவு தாங்கும்?

ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம் என்று கணக்கிடத்தான் நம் நாட்டுத் தரவிதி சொல்கிறது. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஓரடி உயரம் செம்மண் நிரப்பி நனைத்தால் 500 கிலோ தாண்டும். மாடியில் செங்கல் கட்டி மண் கொட்டாதீர்கள். நார்த்தூள் கலந்த பைகளாக வையுங்கள். நடுக்கூரையைத் தவிர்த்துச் சுவரும் உத்தரமும் ஓடும் கோட்டின் மேல் வரிசைப்படுத்துங்கள். அடியில் செங்கலோ இரும்புத் தாங்கியோ கொடுத்துத் தரைக்கும் பைக்கும் இடைவெளி விட்டால் ஓதம் இறங்காது. தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். டெங்கு கொசுவுக்கு ஒரு மூடி அளவு தண்ணீரே தாராளம்.

◆ ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர், காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, ஏறத்தாழ உப்பே இல்லாதது. பூ, பயிர், அழகுச் செடிக்கு ஊற்றலாம். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் நீரில் உப்பு கூடுதலாகத் திரண்டிருக்கும். கீரைக்கு அது ஆகாது, தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். அரிசி களைந்த நீரை அன்றன்றே ஊற்றிவிடுங்கள். காய்த் தோலை ஒரு துளையிட்ட வாளியில் நார்த்தூளோடு மாறிமாறி அடுக்கி மூடிவைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் எரு.

◆ எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: ஒரு பை, ஒரு சிட்டிகை சிறுகீரை விதை, அதே அளவுக்கு மேலாக மணல். கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்த்தி, பூவாளியால் நனையுங்கள். எறும்பு விதையைத் தூக்கிப்போகாமல் முதல் நான்கு நாள் காவல் வேண்டும். விதைத்த 25-ஆம் நாள் பிடுங்கிக் கடையலாம்.